சித்தப்பா, அதைக் கொதிக்க வைக்காதீங்க!

காமர்ஸ் படிக்கிறவளுக்குப் பவளத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பத்தாம் வகுப்போடு உயிரியலுக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, டெபிட் கிரெடிட் பக்கம் ஒதுங்கிய ஆள் நான். போன முறை ஜி.எஸ்.டி. பற்றி எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வருகிறது என்று சொன்ன வகுப்புத் தோழர்களே, இதற்குத் தூக்கம் வராது. அதற்கு நான் கியாரண்டி :)

விஷயம் இதுதான். கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் அழகுக்காக வளர்க்கும் ஒருவகைப் பவளத்தில், மனிதன் இதுவரை கண்டுபிடித்த மிகக் கொடிய விஷங்களில் ஒன்று இருக்கலாம். தொட்டிக்குள் அது பாட்டுக்கு இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வெளியே எடுத்து பிரஷ் போட்டுத் தேய்த்தாலோ, வெந்நீர் ஊற்றினாலோ, வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அப்படி ஓடியிருக்கிறார்கள். கீழே சொல்கிறேன்.

எனக்கு இது தெரிய வந்தது சித்தப்பாவால். அவர் இருப்பது சிங்கப்பூரில், தோ பாயோவில் ஒரு வீவக வீட்டில். போன கோடை விடுமுறையில் ஒரு மாதம் அங்கே போயிருந்தேன். ஹாலில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார். டிவி இருக்க வேண்டிய இடத்தில் தொட்டி இருக்கிறது, டிவி படுக்கையறைக்குப் போய்விட்டது. கடல் உப்பைத் தண்ணீரில் கரைத்து, அடர்த்தி அளந்து, நீல விளக்குப் போட்டு, சிங்கப்பூர் வெயிலுக்குத் தண்ணீர் சூடாகாமல் இருக்கக் குளிர்விக்கும் இயந்திரம் வேறு. கரண்ட் பில் வரும் நாளில் சித்தி அந்தத் தொட்டியைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே... அந்த மீன்கள் எப்படி உயிரோடு இருக்கின்றன என்றே தெரியவில்லை.

அந்தத் தொட்டிக்கு ஆறடி தள்ளித்தான் அப்பத்தாவின் கட்டில். அறைக்குள் மூச்சு முட்டுகிறது என்று ஹாலில்தான் படுப்பார். அப்பத்தாவுக்குப் பல வருடமாக இளைப்பு. தலைமாட்டில் இன்ஹேலர் இல்லாமல் தூங்க மாட்டார். தொட்டிக்குக் கீழே உட்கார்ந்து பொம்மை வைத்து விளையாடுவது சித்தப்பாவின் ஐந்து வயது மகள். இந்த இரண்டு பேரையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்தப் பவளத்துக்குப் பெயர் ஸோவாந்திட். தொட்டிக்காரர்கள் செல்லமாக 'ஸோவா' என்பார்கள். கல்போல இருக்கும் பவளம் வேறு, இது வேறு. இதற்கு எலும்புக்கூடு கிடையாது. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம், அதைச் சுற்றிக் கண்ணிமை மாதிரி மயிர்மயிராக நீட்டிக்கொண்டிருக்கும். நூறு இருநூறு பொத்தான்கள் சேர்ந்து ஒரு பாறை மேல் கம்பளம் விரித்த மாதிரி படர்ந்திருக்கும். பச்சை, ஆரஞ்சு, ஊதா, ரோஸ் என்று தீபாவளிக்குப் புடவைக்கடை ஜன்னலைப் பார்ப்பதுபோல இருக்கும். நீல விளக்கில் அப்படியே ஒளிரும். சாகாது, சீக்கிரம் பெருகும் என்பதால், புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்குக் கடைக்காரர்கள் முதலில் எடுத்துக் கொடுப்பது இதைத்தான்.

இங்கேதான் என்னுடைய காமர்ஸ் மூளை விழித்துக்கொண்டது. இதை எடை போட்டு விற்பதில்லை. பொத்தான் கணக்கில் விற்கிறார்கள். ஒவ்வொரு நிறக் கலவைக்கும் ஒரு பெயர். 'ரஸ்டா', 'ஈகிள் ஐ', 'ஃப்ரூட் லூப்ஸ்', 'கேப்டன் அமெரிக்கா'. ஒரே ஒரு பொத்தானுக்கு நூறு அமெரிக்க டாலருக்கு மேல் விலை போகும் ரகங்களும் உண்டு. விலங்கியலில் அந்தப் பெயர்கள் எதுவும் கிடையாது. ஒரு மார்க்கெட்டிங் ப்ராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரே பண்டம், பெயரும் கதையும் ஒட்டியவுடன் இருபது மடங்கு விலை. 'பர்ப்பிள் டெத்' என்றும் ஒரு ரகம் விற்கிறார்கள். ஊதா மரணம்! பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம்போல.

இந்தக் கூட்டத்தில் பாலித்தோவா என்று ஒரு பிரிவு இருக்கிறது. பொத்தான் கொஞ்சம் பெரிதாக, பெரும்பாலும் பழுப்பாகவோ மங்கிய பச்சையாகவோ இருக்கும். மணலை வாங்கித் தன் சதைக்குள்ளேயே பதித்துக்கொள்ளும் பழக்கம் இதற்கு உண்டு. அதிகமாக விஷம் இருப்பது இந்தப் பிரிவில்தான். இதைப் பெரும்பாலும் யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. வேறு எதற்காகவோ வாங்கிய பாறையில் ஓசியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வந்தது தெரியாமல் இருந்து, ஆறு மாதத்தில் தொட்டி முழுக்கப் படர்ந்து, காசு கொடுத்து வாங்கிய நல்ல பவளத்தையெல்லாம் மூடிவிடும். அப்போதுதான் உரிமையாளருக்குக் கோபம் வந்து பிரஷைக் கையில் எடுப்பார். ஆபத்தான நேரமும் அதுதான்.

விஷத்தின் பெயர் பாலிடாக்சின். அதைக் கண்டுபிடித்த கதை ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதியும் அந்தக் கதைதான்.

மாவி தீவின் ஹானா பகுதியில், முவோலியா என்ற இடத்தின் கரையோரத்தில் ஒரு சின்னக் கடல்நீர்க் குட்டை. அங்கே இருந்ததைப் பாசி என்றுதான் ஊர்க்காரர்கள் நினைத்திருந்தார்கள். அதற்கு 'லிமு மாகே ஓ ஹானா' என்று பெயர். ஹானாவின் மரணப்பாசி என்று அர்த்தம். அதை ஈட்டி முனையில் தடவினால், குத்துப்பட்டவன் பிழைக்க மாட்டான் என்பது அவர்கள் அனுபவம். எப்படி வந்தது இந்தப் பாசி? மீன் பிடிக்கப் போகிறவர்களில் ஒருவர் ஒருவராகக் காணாமல் போனார்களாம். ஊரில் தனியாக வாழ்ந்த ஒரு கூனன் மேல் சந்தேகம். பிடித்து மேலாடையைக் கிழித்துப் பார்த்தால், முதுகில் பல்வரிசையோடு சுறாவின் வாய்! கொன்று எரித்து, சாம்பலை அந்தக் குட்டையில் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து முளைத்ததுதான் மரணப்பாசி. அந்த இடத்துக்கு யாரும் போகக் கூடாது என்று தடை.

நம்மூரிலும் இந்தக் கிணற்றில் முனி இருக்கிறது, உச்சி வேளையில் இறங்காதே என்பார்கள் இல்லையா, அதே ரகம்தான்.

1961 டிசம்பர் 31 அன்று ஆராய்ச்சியாளர்கள் அந்தக் குட்டையைத் தேடிக் கண்டுபிடித்து மாதிரி எடுத்தார்கள். ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறார்கள். அதே நாள் பிற்பகல், வேறொரு தீவில் இருந்த ஹவாய் கடல் ஆய்வுக்கூடத்தின் முக்கியக் கட்டடம் தீப்பிடித்து எரிந்துபோனது. தற்செயல்தான். ஆனால் ஊர்க்காரர்கள் அதைத் தற்செயல் என்று எடுத்துக்கொண்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம் :)

பாசி என்று நினைத்தது பாசியே இல்லை, பாலித்தோவா. ரிச்சர்ட் மூர், பால் ஷோயர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதிலிருந்து விஷத்தைப் பிரித்து 1971-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். எலிக்கு ரத்தக்குழாயில் செலுத்தினால், கிலோ எடைக்கு 0.15 மைக்ரோகிராம் போதும், பாதி எலிகள் செத்துவிடும். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதன் மூலக்கூறு எவ்வளவு சிக்கலானது என்றால், அமைப்பைக் கண்டுபிடிக்கவே 1981 வரை ஆனது. ஹார்வர்டில் கிஷி என்ற பேராசிரியரின் குழு அதை ஆய்வுக்கூடத்தில் முழுதாகச் செய்து முடித்தது 1994-ல்.

உடம்புக்குள் போய் என்ன செய்கிறது? எனக்குப் புரிந்த மாதிரி கணக்குப் பாஷையில் சொல்கிறேன். நம் செல் ஒவ்வொன்றின் சுவரிலும் ஒரு பம்ப் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் 3 சோடியத்தை வெளியே அனுப்பி, 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். வரவு செலவை இரவு பகலாகச் சரிபார்க்கும் கேஷியர் மாதிரி. பாலிடாக்சின் அந்த பம்பின் மேல் போய் உட்கார்ந்து கதவைத் திறந்தபடியே நிறுத்திவிடும். சோடியம் உள்ளே கொட்டும், பொட்டாசியம் வெளியே ஓடும். கேஷியர் கவுண்டரைத் திறந்து போட்டுவிட்டுப் போன வங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த பம்ப் இல்லாத உறுப்பு உடம்பில் இல்லை. தசை, இதயம், நுரையீரல் எல்லாமே வாங்கிக் கட்டிக்கொள்ளும். மாற்று மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன், டிரிப்ஸ் என்று அறிகுறிகளுக்குத்தான் வைத்தியம் செய்வார்கள்.

இனி நடந்தவை.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 2007-ல் ஒருவர், வேண்டாத ஸோவாவை ஒழிக்கக் கொதிநீர் ஊற்றினார். எழுந்த ஆவியை முகர்ந்தவருக்கு இருமல், மூச்சுத்திணறல். அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் 2014 ஆகஸ்டில் ஒருவர், புதிதாக வாங்கிய ஸோவாவைத் தொட்டியில் வைத்த ஏழெட்டு மணி நேரத்தில் வாயில் கசப்பான உலோக ருசி, காய்ச்சல், இருமல், தசைவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். மாநில சுகாதாரத் துறை விசாரித்தால், அங்கே 2012-லிருந்தே கடைகளிலும் வீடுகளிலும் இதேபோலப் பலர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பக்கம் ஸ்டீவன்டன் என்ற கிராமத்தில் 2018 மார்ச்சில் ஒருவர் தொட்டியைச் சுத்தம் செய்ததில், அந்தக் குடும்பத்தில் ஆறு பேரும், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் நாலு பேரும் ஆஸ்பத்திரியில். அதே வருடம் டெக்சாஸில் ஒரு பெண் பாலித்தோவா மேல் படிந்த பாசியைச் சுரண்டினார். அவரோடு வீட்டில் இருந்த குழந்தைகளுக்கும் ஃப்ளூ மாதிரி வந்துவிட்டது. ஜெர்மனியில் ஒருவருக்குக் கையில் இருந்த சின்னக் காயங்கள் வழியாகவே விஷம் ஏறி, கை பலமிழந்து, தலைசுற்றியதாக 2008-ல் ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது.

கவனித்தீர்களா? யாரும் இதைத் தின்னவில்லை. பெரும்பாலானவர்கள் சரியாகத் தொடக்கூட இல்லை. மூச்சு விட்டார்கள், அவ்வளவுதான். பாலிடாக்சின் தானாக ஆவியாகிப் பறக்கிற சரக்கு இல்லை. தேய்க்கும்போதும் கொதிக்கும்போதும் தெறிக்கிற கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளில் ஏறி மூக்குக்கு வருகிறது. கொதிக்க வைத்தால் விஷம் முறியும் என்பது நம் சமையலறை நம்பிக்கை. இது கொதிக்கும் சூட்டுக்கு அசையாது. ஆகக் கொதிக்க வைப்பவர் விஷத்தை அழிக்கவில்லை, வீடு முழுக்கப் பரிமாறுகிறார். கடலிலேயே இப்படி நடந்திருக்கிறது. 2005-ல் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில், இதன் உறவுக்கார விஷத்தைச் சுரக்கும் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற நுண்பாசி பெருகி, அலைச்சாரலைச் சுவாசித்த சுமார் 200 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

இப்போது சித்தப்பா கதைக்கு வருகிறேன்.

நான் போயிருந்தபோது அவர் தொட்டியில் மூன்று பாறைகள் முழுக்கப் பழுப்புப் பொத்தான் படர்ந்திருந்தது. மணல் பதிந்த சதை, பெரிய பொத்தான். அவருடைய தொட்டி நண்பர் ஒருவர் யோசனை சொன்னாராம்: "பாறையை வெளிய எடுத்துப் பத்து நிமிஷம் கொதிக்க விடுங்க, எல்லாம் செத்துடும், அப்புறம் கம்பி பிரஷ் போட்டுத் தேச்சா பாறை புதுசு மாதிரி ஆயிடும்." சித்தப்பா சனிக்கிழமைக்கு நாள் குறித்துவிட்டார். சித்தியின் கவலை வேறு: "என் இட்லிப் பானையைத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற."

நான் தொட்டியை போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அந்தப் பழுப்புப் பொத்தானுக்குப் பெயர் தெரிந்துகொள்ளத் தேடப் போய்த்தான் மேலே சொன்ன அத்தனையும் கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணி. அப்பத்தா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பாவிடம் போனேன்.

அவர் நம்பவில்லை. "அஞ்சு வருஷமா கையைப் போட்டு அளைஞ்சுட்டு இருக்கேன்மா. எனக்கு என்ன ஆச்சு?"

இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. எல்லா ஸோவாவிலும் விஷம் இருப்பதில்லை. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வாஷிங்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்து 2011-ல் வெளியிட்ட முடிவைப் பார்த்தால், சிலவற்றில் விஷம் தென்படவே இல்லை. ஒரு வகையில் மட்டும் ஒரு கிராம் சதைக்கு அரை மில்லிகிராமுக்கும் மேல். மைக்ரோகிராமில் பேச வேண்டியதை மில்லிகிராமில் பேசுகிறோம். எது எந்த வகை என்பது கடையில் நின்று கண்ணால் பார்த்தால் தெரியாது. ஐந்து வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு, ஐந்து வருடமாக அதைக் கொதிக்க வைக்கவில்லை என்றும் அர்த்தம் சொல்லலாம்.

இதையெல்லாம் சொல்லியும் அவர் அரைமனதாகத்தான் இருந்தார். அப்போதுதான் எனக்கு அவருடைய வேலை ஞாபகம் வந்தது. சித்தப்பா ஒரு கப்பல் பட்டறையில் சேஃப்டி சூப்பர்வைசர். ஹெல்மெட் வார் மாட்டாதவனைக் கூப்பிட்டு நிறுத்திப் பாடம் நடத்துகிற மனிதர்.

"சித்தப்பா, உங்க யார்டுக்குப் பேர் தெரியாத கெமிக்கல் ஒரு டிரம் வருது. முதல்ல என்ன கேப்பீங்க?"

"எஸ்.டி.எஸ். எங்கன்னு கேப்பேன்."

"இல்லேன்னா?"

"கேட்டுக்கு உள்ளயே விடமாட்டேன்."

"இதுக்கு யாராவது எஸ்.டி.எஸ். குடுத்தாங்களா?"

கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பத்தாவின் கட்டிலைப் பார்த்தார். "சரி, உன் லேப்டாப்பை எடுத்துட்டு வா" என்றார்.

(எஸ்.டி.எஸ். என்பது ரசாயனத்தோடு வரும் பாதுகாப்பு விவரத்தாள். உள்ளே என்ன இருக்கிறது, சிந்தினால் என்ன செய்வது, கண்ணில் பட்டால் என்ன செய்வது எல்லாம் அதில் இருக்கும்.)

எனக்கு இன்றுவரை உறுத்துவது இதுதான். பினாயில் பாட்டிலில் எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது. கொசுவர்த்தி டப்பாவில் இருக்கிறது. சித்தப்பா பவளம் வாங்கிய கடையில் ரகத்தின் பெயர், விலை, எவ்வளவு வெளிச்சம் வேண்டும், எவ்வளவு நீரோட்டம் வேண்டும் எல்லாம் எழுதி ஒட்டியிருந்ததாம். விஷம் என்று ஒரு வார்த்தை இல்லை. நாம் பிசினஸ் லாவில் படித்தோமே, 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16, வாங்குபவன்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்கிற கோட்பாடு. தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது சரியாகத்தான் பட்டது. இங்கே வாங்குபவன் எப்படி விழிப்பாக இருப்பான்? பார்த்தால் தெரியாது, முகர்ந்தால் தெரியாது, முகரவும் கூடாது! நம் 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 84, தவறாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கையைப் போடாத தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. சரி, பவளத்துக்குத் தயாரிப்பாளர் யார்? கடலா? சிங்கப்பூரில் நம் சட்டம் செல்லாது, அது வேறு விஷயம். இந்தக் கேள்வியை எங்கள் சட்டப் பேராசிரியையிடம் கேட்டேன். "செமினாருக்கு நீயே எடுத்துக்கோ" என்று என் தலையிலேயே கட்டிவிட்டார்.

ஹானா ஊர்க்காரர்கள் அந்தக் குட்டைக்கு ஒரு சுறாவாய்க் கூனனைக் காவல் வைத்திருந்தார்கள். 'கேப்டன் அமெரிக்கா'வை விடப் பொறுப்பான லேபிள்.

சனிக்கிழமை நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். அப்பத்தாவையும் குட்டியையும் சித்தியோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டோம். மின்விசிறி, ஏசி, தொட்டிக்குள் நீரைச் சுழற்றும் பம்ப் எல்லாவற்றையும் நிறுத்தினோம். சித்தப்பா முழங்கை வரை வரும் நைட்ரைல் கையுறை, கண்ணைச் சுற்றி இறுக மூடும் கண்ணாடி, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டார். எல்லாம் அவர் தொழிலுக்கு வாங்கிய சாமான்தான். கண்ணாடி கட்டாயம் வேண்டும். இந்தப் பொத்தான்களைப் பிடித்து அழுத்தினால் பிச்சாங்குழல் மாதிரி தண்ணீர் பீய்ச்சும், அது கண்ணில் பட்டுக் கருவிழி புண்ணானவர்கள் உண்டு. கையில் கீறல் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொண்டார். இருந்தால் வேலையைத் தள்ளிப் போடுவதே நல்லது.

பாறையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கவே இல்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவைத் தொட்டிக்குள் இறக்கி, பாறையை அதற்குள் நகர்த்தி, நீருக்கடியிலேயே மூடி, தண்ணீரோடு எடுத்தோம். சுரண்டவில்லை, பிய்க்கவில்லை. பின்கட்டில், ஜன்னலெல்லாம் திறந்து வைத்து, தொட்டித் தண்ணீர் ஒன்பது பங்குக்கு ஒரு பங்கு வீட்டு ப்ளீச் என்று மெதுவாக ஊற்றி மூடினோம். பாலிடாக்சினை முறிக்கக்கூடியது ப்ளீச்தான். குறைந்தது அரைமணி நேரம் ஊற வேண்டும் என்கிறார்கள். நாங்கள் இரவு முழுக்க விட்டோம். வாசனை சேர்க்காத, புதிதாக வாங்கிய சாதாரண குளோரின் ப்ளீச்சாக இருக்க வேண்டும். இன்னொரு முக்கியமான விஷயம், தொட்டிக்காரர்கள் பம்பில் படியும் சுண்ணாம்பைக் கரைக்க வினிகர் வைத்திருப்பார்கள். அது இந்த ப்ளீச் பக்கம் வரவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், பிறகு பவளமே தேவையில்லை.

மறுநாள் பாறைகளை இரண்டு பைகளில் போட்டுக் கட்டிக் குப்பைக்கு அனுப்பியாயிற்று. அந்த மூன்று பாறைகளும் கைவிட்டுப் போனதில் சித்தப்பாவுக்கு வருத்தம், நல்ல விலை கொடுத்து வாங்கியது. கம்பி பிரஷ் போட்டுப் 'புதுசு மாதிரி' ஆக்கும் ஆசையை மட்டும் விட்டுவிட்டார். சிந்திய இடத்தையெல்லாம் ப்ளீச் நீர் நனைத்த காகிதத்தால் துடைத்து, அந்தக் காகிதத்தையும் கையுறையையும் அதே பையில் போட்டோம். தொட்டித் தண்ணீரில் கால்பங்கு மாற்றி, புது ஆக்டிவேட்டட் கார்பன் பை ஒன்றைப் போட்டார். தொட்டித் தண்ணீரை வாயால் குழாயில் உறிஞ்சி வெளியேற்றும் பழைய பழக்கத்துக்கும் அன்றோடு தடை போட்டாயிற்று.

ஸோவாவை முழுக்க ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் தொட்டியில் இப்போதும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் கம்பளம் இருக்கிறது, பார்க்க அத்தனை அழகு. வெட்டிப் பிரித்து நண்பர்களுக்குக் கொடுப்பவர்கள் பொத்தானை வெட்டாமல், அடியில் இருக்கும் பாறையைக் கையால் இயக்கும் கட்டரால் உடைப்பது வழக்கம். சுழலும் மின்ரம்பம் வேண்டவே வேண்டாம், நாலாபக்கமும் சாரல் அடிக்கும். காய்ந்துபோன பாறைதானே என்று தேய்க்கவும் கூடாது, அதிலும் விஷம் அப்படியே இருக்கலாம். மைக்ரோவேவ், பிரஷர் வாஷர்... சொல்லவே வேண்டாம்.

நம்மூர்க்காரர்களுக்கு ஒரு வரி. கல்பவளங்கள் 2001-லிருந்தே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாப் பாறைகளில் ஸோவாவும் பாலித்தோவாவும் இருக்கின்றன. ராமேஸ்வரம் பக்கம் ஐ.வி. போகும்போது பாறையில் அழகாக இருக்கிறதே என்று நோண்டாதீர்கள்.

ஒருவேளை யாருக்காவது பட்டுவிட்டால்: முதலில் எல்லோரும் வீட்டை விட்டு வெளியே, நாய் பூனை உட்பட. தோலில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு நிறைய நீரில் கழுவவும், கண்ணில் பட்டால் நீரால் தொடர்ந்து கழுவவும். பிறகு ஆஸ்பத்திரி. தொந்தரவு சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். காய்ச்சல், உடம்புவலி, இருமல் என்று வருவதால் வைரஸ் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். டாக்டரிடம் "மீன்தொட்டி சுத்தம் செய்தேன்" என்றால் போதாது. பாலிடாக்சின் என்ற பெயரைச் சொல்ல வேண்டும், எழுதியே கொடுக்க வேண்டும். தசை கரைகிறதா, சிறுநீரகம் பாதிக்கிறதா, இதயத்துடிப்பு சீராக இருக்கிறதா என்று அப்போதுதான் பார்ப்பார்கள். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தொட்டியின் கீழ் அலமாரிக் கதவில் சித்தப்பா இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். அவர் பட்டறையில் ஒட்டும் அதே வடிவம்: பொருளின் பெயர், ஆபத்து, பாதுகாப்புச் சாதனம், முதலுதவி, ஆம்புலன்ஸ் 995. மொழி நான்கு வேண்டும் என்று அடம்பிடித்து சீனத்துக்கும் மலாய்க்கும் பக்கத்து வீடுகளில் எழுதி வாங்கினார். தமிழ்ப் பகுதி மட்டும் என் கைங்கர்யம். 'ஸோவாந்திட்' என்பதில் அப்பத்தா ஒரு எழுத்துப்பிழை கண்டுபிடித்திருக்கிறார். அடுத்த விடுமுறைக்குப் போய்த்தான் திருத்த வேண்டும்.